விருப்பப்பட்டால் அணியலாம்

அமெரிக்க ராணுவத்தில் எதிரே ஒருத்தன் வந்தால் மூஞ்சியைப் பார்க்கமாட்டார்கள். முதலில் வலது தோளைப் பார்ப்பார்கள். அப்புறம் நெஞ்சு. மூஞ்சி கடைசியில்தான், அதுவும் நேரம் இருந்தால்.

இடது தோளில் ஒட்டியிருக்கிற துணிச்சின்னம், அவன் இப்போது எந்தப் படையில் சோறு தின்கிறான் என்று சொல்லும். அது கட்டாயம். வலது தோளில், தேசியக் கொடிக்குக் கீழே ஒட்டுவது வேறு. எந்தப் படையோடு சண்டைக்குப் போனான் என்பதைக் காட்டுகிற போர்ச் சின்னம் அது. போய்வந்தவன் ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டாமலும் இருக்கலாம். நெஞ்சில் மாட்டுகிற பேட்ஜுகளும் அப்படித்தான். சட்டப் புத்தகத்தில் 'விருப்பப்பட்டால் அணியலாம்' என்று போட்டிருக்கிறது. அந்தப் புத்தகம் தலையணை பருமன். சாக்ஸ் என்ன நிறம், மீசை எந்த இடத்தில் முடியவேண்டும், குடையை எந்தக் கையில் பிடிக்கவேண்டும் என்று சகலத்துக்கும் அதில் உத்தரவு உண்டு. மனுஷன் இஷ்டத்துக்கு என்று விட்டுவைத்த இடம் தேடினாலும் அகப்படாது. இந்த ஒன்று எப்படியோ தப்பியிருக்கிறது. எழுதினவன் அன்றைக்குத் தூங்கிப்போயிருக்க வேண்டும்.

வெர்னன் டாக்கெட் அந்த ஒரு இடத்தில்தான் குடியிருந்தான்.

கெண்டக்கி மலைக்காரன். ஓக்லஹோமாவில், ஃபோர்ட் டன்வுடி முகாமில் சார்ஜென்ட். பழுதாகி நிற்கிற ராணுவ வண்டிகளை இழுத்துவருகிற பெரிய இழுவை வண்டியும், அதில் வேலை செய்கிற குழுவும் அவன் பொறுப்பு. ஈராக் சண்டைக்கு மூன்று தடவை போய்விட்டு வந்தவன். ஆனால் வலது தோள் மொட்டை. கொடிக்குக் கீழே, சின்னம் ஒட்டுவதற்கான சொரசொரப்பு வெல்க்ரோ பட்டை மட்டும் இருக்கும். அதில் நூல் பிசிறும் நாய்முடியும் ஒட்டியிருக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அவனிடம் யாரும் பேச்சு வளர்த்ததும் இல்லை.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் அவன் குழு வெளிநாடு போகவேண்டியிருந்தது. எங்கே என்பது ரகசியம். வாசலில் முடிவெட்டுகிறவனுக்குத் தெரியும், பீட்சா கொண்டுவருகிறவனுக்குத் தெரியும், போகிறவர்களுக்குத்தான் தெரியாது. குழுவில் அத்தனை பேரும் சின்னஞ்சிறுசுகள். குண்டுச் சத்தம் கேட்டறியாததுகள். வண்டி ஓட்டுகிற ரெனே பூட்ரோ, லூசியானாக்காரி, இருபது வயசு ஆகியிருக்குமோ என்னவோ. இரும்புக் கயிற்றை எங்கே மாட்டுவது, மாட்டினபிறகு எங்கே நிற்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் டாக்கெட். இந்தப் பிள்ளைகளோடு போய்த் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடவேண்டும், அப்புறம் ஓய்வு. ராணுவத்திடம் அவன் வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் புதுக் கர்னல் வந்தார்.

பெயர் ஆல்ட்ரிட்ஜ். நெஞ்சைப் பார்த்தால் கடைத்தெரு மாதிரி இருக்கும். விமானத்திலிருந்து குதித்ததற்கு ஒன்று, பறந்ததற்கு ஒன்று, குதித்தவனையும் பறந்தவனையும் பார்த்துக்கொண்டு நின்றதற்கு ஒன்று. வந்த அன்று மைதானத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்துப் பேசினார்.

"இந்தப் படைப்பிரிவுல எதையும் திணிக்க நான் வரல. ஒவ்வொருத்தர் விருப்பத்தையும் மதிக்கறவன் நான். போர்ச் சின்னம், பேட்ஜ் எல்லாம் விருப்பப்பட்டவங்க அணியலாம். நீங்க எல்லாருமே விருப்பப்படுவீங்கன்னு எனக்குத் தெரியும். நம்ம பிரிவுல நூத்துக்கு நூறு விருப்பம்னு மேலிடத்துக்கு நேத்தே எழுதிட்டேன்."

அப்புறம் வரிசையாக நடந்து பார்த்துக்கொண்டே வந்தார். டாக்கெட் முன்னால் கால் நின்றது. கண் தோளுக்குப் போயிற்று.

"என்னப்பா வயசு உனக்கு?"

"முப்பத்தொம்போது, சார்."

"இந்த வயசு வரைக்கும் சண்டையைப் பாக்காதது உன் தப்பு இல்ல. வெக்கப்படாதே."

டாக்கெட் வாயைத் திறப்பதற்குள் கர்னல் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். பின்னால் வந்த சார்ஜென்ட் மேஜர் க்ரிம்ஸ்லி போகவில்லை. முகாமில் சாதாரணச் சிப்பாய்களுக்கெல்லாம் பெரிய தலை அவர். இப்படி ஒரு ஆள் கிடைக்கமாட்டானா என்று காத்திருந்தவர் போல நின்றுகொண்டார்.

"தம்பி, மணல்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"கொஞ்சம் தெரியும், சார்ஜென்ட் மேஜர்."

"தெரியாது. போனவனுக்குத்தான் தெரியும். நான் குவைத்துல இருந்தேன். ஒரு சமயம் ஐஸ்கிரீம் மெஷின் ஒரு வாரம் ஓடல. ஒரு பய வாயைத் திறந்து புலம்பல. அதுக்குப் பேருதான் சண்டை."

"ஆமா, சார்ஜென்ட் மேஜர்."

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் உத்தரவு வந்துவிட்டது. இழுவை வண்டிக் குழுவுக்குச் சண்டை அனுபவம் உள்ளவர் தலைமை தாங்கவேண்டுமாம். டாக்கெட் இங்கேயே இருந்து புல்வெட்டும் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்வானாம். அவனுக்குப் பதில் சார்ஜென்ட் ஸ்ட்ரிக்லண்ட்.

ஸ்ட்ரிக்லண்ட் சண்டைக்குப் போனது நிஜம். போய், முகாமுக்குள் இருந்த உடற்பயிற்சிக் கூடத்தில் வியர்வை துடைக்கத் துண்டு கொடுத்துவிட்டு வந்தான். போர்ச் சின்னத்துக்கு அது போதும், எல்லைக்கு அந்தப்பக்கம் இருந்தாயா என்பதுதான் கேள்வி, துண்டா துப்பாக்கியா என்று கேட்கமாட்டார்கள். வலது தோளில் சின்னம், நெஞ்சில் பேட்ஜ், இடுப்பில் ஒரு கத்தி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பார்க்க ஜோராக இருந்தான்.

முதல் நாள் பயிற்சியில் சேற்றில் புதைந்த லாரியை இழுத்தார்கள். கயிறு விறைத்து நின்றது. கட்டைவிரல் பருமன் இரும்புக் கயிறு. அறுந்தால் எதிரே நிற்கிறவனை இரண்டாக்கிவிடும். ஸ்ட்ரிக்லண்ட் செல்போனை எடுத்துக்கொண்டு, "எல்லாரும் அந்தக் கயித்துக்கு முன்னாடி வந்து நில்லுங்க, ஒரு போட்டோ" என்றான்.

புல்வெட்டும் இயந்திரத்தோடு தூரத்தில் இருந்த டாக்கெட் அதைப் போட்டுவிட்டு ஓடினான். ஓடிக்கொண்டே போட்ட சத்தத்தில் பிள்ளைகள் சிதறி விலகின.

"என்னய்யா, என் குழுவை நீ அதட்டறே?" என்றான் ஸ்ட்ரிக்லண்ட்.

"உன் குழுவுக்குக் கால் இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. அதான்."

சாயங்காலம் பூட்ரோ அவனிடம் வந்தாள். நாளைக்கு என்ன சாப்பாடு என்று கேட்கிற குரலில், "சார்ஜென்ட், இந்த ஆளோட போனா நாங்க திரும்பி வரமாட்டோம் போலிருக்கே" என்றாள்.

"நல்ல மனுஷன்தான்."

"நல்லவர்தான். துண்டு கேட்டா மடிச்சே குடுப்பாரு."

மறுநாள் டாக்கெட் க்ரிம்ஸ்லியின் அறைக்குப் போனான். தான் மூன்று தடவை போய்வந்ததைச் சொன்னான். க்ரிம்ஸ்லி நம்பவில்லை. கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"மூணு தடவையா? பேட்ஜு கூட இருக்கு. அட, உக்காருப்பா. அப்புறம் ஏன் மாட்டல?"

"விருப்பப்பட்டா மாட்டலாம்னு போட்டிருக்கு, சார்ஜென்ட் மேஜர்."

"ஆமா, போட்டிருக்கு. அதனாலதானே கேக்கறேன். ஏன் விருப்பப்படல?"

"விருப்பம் இல்ல."

"அதான் ஏன்?"

"மாட்டச்சொல்லி உத்தரவு போடுங்க. இப்பவே மாட்டிக்கறேன்."

க்ரிம்ஸ்லி அடிபட்டவர் போலப் பார்த்தார். "உத்தரவா? விருப்பமான விஷயத்துக்கு எப்படிய்யா உத்தரவு போடறது? அது சட்டவிரோதம். நீயாத்தான் ஆசைப்படணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. ஆசைப்பட்டா குழு உனக்கு."

இதுவரைக்கும் டாக்கெட் ஒன்றும் இல்லாதவனாக இருந்தான். அதைப் பொறுத்துக்கொண்டார்கள். இப்போது, இருந்தும் வேண்டாம் என்கிறவன் ஆகிவிட்டான். அதற்கு ராணுவத்தில் மருந்து கிடையாது, ஆனாலும் தேடினார்கள்.

முதலில் பாதிரியாரிடம் அனுப்பினார்கள். பாதிரியார் அவனோடு சேர்ந்து ஜெபம் செய்துவிட்டு, இது ஆத்துமா சம்பந்தப்பட்டது இல்லை, தோள் சம்பந்தப்பட்டது என்று டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், பின்னால் வளைக்கச் சொன்னார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை. அரிக்கிறதா? இல்லை. 'வலது தோள் நல்ல நிலையில் இருக்கிறது, சின்னத்தைத் தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அப்புறம் விருப்பப் பயிற்சி வகுப்பு. சுதந்திரமாகத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு கேப்டன் திரையில் படம் போட்டுக் காட்டினார். கழுகுப் படம், மலைப் படம், மலைமேல் கழுகு நிற்கிற படம். மாணவர்கள் இரண்டு பேர். டாக்கெட் ஒருத்தன். இன்னொருத்தன் மெஸ்ஸில் அப்பம் சுடுகிற சமையல்காரன். வேறு அறைக்குப் போகவேண்டியவன் வழிதவறி வந்து, ஏசியும் டோனட்டும் நன்றாயிருக்கவே உட்கார்ந்துவிட்டான். கடைசியில் பரீட்சை. நீ ஒரு போர்ச் சின்னம் பெற்றிருக்கிறாய், என்ன செய்வாய்? அணிவேன். பெருமையோடு அணிவேன். உடனே அணிவேன். மேலதிகாரியைக் கலந்துகொண்டு அணிவேன். இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு. டாக்கெட் காகிதத்தை வெறுமனே கொடுத்தான். தேறவில்லை. தானாக விரும்பித் தேறுகிற வரைக்கும் திரும்பத் திரும்ப எழுதவேண்டும் என்றார் கேப்டன். சமையல்காரன் முதல் மார்க்கு. வெளிநாட்டைக் கண்ணால் பார்க்காதவன், அவனுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

வீட்டில் டாக்கெட்டின் மனைவி டார்லா சோள ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒட்டிக்கிட்டுப் போயேன், வெர்ன். உள்ளங்கை அகலத் துணி."

"தெரியும்."

"அந்தப் பொண்ணு பூட்ரோ உன்னைத்தான் நம்பியிருக்கு."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சா மட்டும் போதுமா? அந்தத் துண்டுக்காரன்கூட அதுகளை ஏத்தி அனுப்பிட்டு நீ இங்க புல்லு வெட்டிக்கிட்டு இருப்பியா?"

டாக்கெட் ரொட்டியைப் பிய்த்தான். சூடு தாங்காமல் தட்டில் போட்டான்.

"எந்திரின்னா எந்திரிக்கறேன். ஓடுன்னா ஓடறேன். தலைமுடியை அவங்க சொன்ன அளவுக்கு வெட்டிக்கறேன். செத்துப்போன்னு சொல்லி அனுப்பினப்பவும் போனேன். இதையும் உத்தரவாப் போட்டா முடிஞ்சுது. போடமாட்டேங்கறாங்க. நானா ஆசைப்படணுமாம். ஆசைப்படறதுக்கும் சேத்து எனக்குச் சம்பளம் குடுக்கல, டார்லா."

"அவங்ககிட்ட அந்தப் பெட்டி விஷயத்தைச் சொல்லேன்."

"சொல்லி?"

"மனுஷங்கதானே அவங்களும்."

அதில் டாக்கெட்டுக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை.

ஆனாலும் சொல்லவேண்டி வந்தது. விருப்பத் தெளிவுக் குழு என்று ஒன்றைக் கர்னல் கூட்டினார். நீளமான மேஜை. ஒரு பக்கம் கர்னல், ஒரு பக்கம் க்ரிம்ஸ்லி, நடுவில் ஒரு மேஜர். மேஜர் பேசமாட்டார், அவர் உத்தியோகம் தலையாட்டுவது. எதிரே தனி நாற்காலியில் டாக்கெட்.

"உன்னை யாரும் கட்டாயப்படுத்தலங்கறதை முதல்ல சொல்லிடறேன்" என்றார் கர்னல். "நீ விருப்பப்படாததுக்குக் காரணம் என்னங்கறதை மட்டும் சொல்லு. காரணம் சரியா இருந்தா, விருப்பப்படாம இருக்க உன்னை விருப்பத்தோட அனுமதிப்போம்."

மேஜர் தலையாட்டினார்.

டாக்கெட் சொன்னான். வண்டி எங்கே பழுது என்று சொல்கிற மாதிரி, ஏற்றம் இறக்கம் இல்லாமல்.

"ரெண்டாவது தடவை போயிருந்தப்போ, சார், எங்க ஜெனரல் ஒரு விழா வச்சாரு. எல்லாருக்கும் போர்ச் சின்னம் குடுக்கற விழா. சின்னம் வந்த பெட்டி பின்னாடி ஒரு முகாம்ல மாட்டிக்கிச்சு. விழாவுக்கு நாள் குறிச்சாச்சு. ரோட்டுல குண்டு புதைச்சிருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் சோத்துக்குக்கூட வண்டி விடல. பெட்டிக்கு விட்டாங்க. திரும்பி வர்ற வழியில வெடிச்சுது. லாரியை இழுத்துட்டு வந்தவன் நான்தான். ஓட்டினவன் பேரு ஹாஸ்கெல். பக்கத்துல உக்காந்திருந்தவன் யங்ப்ளட், இந்த ஊர்ப்பக்கத்துப் பையன். ரெண்டு பேரும் போயிட்டாங்க. பெட்டி பின்னால இருந்துது. அதுக்கு ஒரு கீறல் இல்ல. எனக்கு ஒட்டிவிட்ட சின்னம் அந்தப் பெட்டியில இருந்து எடுத்தது."

மேஜர் தலையாட்ட மறந்துவிட்டார். கர்னல் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மனசைத் தொட்டுட்டே, சார்ஜென்ட். ரொம்பத் தொட்டுட்டே." முன்னால் சாய்ந்தார். "விழா குறிச்ச நாள்ல நடந்துதா?"

"நடந்துது, சார்."

"நல்லது. அப்ப அந்த ரெண்டு பேரும் வீணாப் போகல."

மேஜருக்கு ஞாபகம் வந்து தலையாட்டினார்.

கர்னல் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். யோசனை வருகிறபோது பெரிய அதிகாரிகள் ஜன்னல் பக்கம் போவார்கள். வெளியே வண்டி நிறுத்துகிற இடம்தான் தெரியும்.

"இங்கதான் சிக்கல் இருக்கு. இவன் மனசுல இவ்வளவு இருக்கு. பாத்தா தெரியுதா? தெரியல. தோள் காலி. ஒண்ணும் இல்லாதவனும் காலி, எல்லாம் இருந்து வேண்டாம்னவனும் காலி. நான் எப்படி யாரை மதிக்கறது? சொல்லுங்க. பேசிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா? மூவாயிரம் பேர்கிட்டயும் போய்ப் பேசிக்கிட்டு இருக்கவா நான் கர்னல் ஆனேன்?" திரும்பினார். முகம் பளபளத்தது. "அணியாதவங்களுக்கு ஒரு சின்னம் வேணும்."

"அணியாததுக்கா, சார்?" என்றார் க்ரிம்ஸ்லி.

"அணியாமைச் சின்னம். அதே அளவு, சட்டை நிறத்துலயே. மேல ஒண்ணும் இருக்காது. வெறும் துணி. தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணும் ஒட்டாத மாதிரியே இருக்கணும். ஆனா ஒட்டியிருக்கறது தெரியணும்."

டாக்கெட்டுக்குத் தான் சரியாகத்தான் கேட்டோமா என்று சந்தேகம். "ஒட்டாம இருக்கறதுக்கு ஒண்ணு ஒட்டணுமா, சார்?"

"கட்டாயம் இல்லப்பா. விருப்பம்தான்."

அந்தத் துணிக்கு ஓரம் அடிக்கலாமா கூடாதா என்று ஒரு மாசம் விவாதம் நடந்தது. வெறும் துணியில் எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று படம் போட்டு விளக்கி எல்லாருக்கும் அனுப்பினார்கள். தலைகீழாக ஒட்டினால் தண்டனை.

முதல் சின்னம் கர்னலுக்கு. அவருக்கு அவரே கொடுத்துக்கொண்டார். பேண்டு வாத்தியம் முழங்க, நெஞ்சிலிருந்து ஒவ்வொரு பேட்ஜாகக் கழற்றி வெல்வெட் தலையணையில் வைத்தார். அதற்கே வெகுநேரம் பிடித்தது. வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். கடைசியில் வெறும் துணியைத் தோளில் ஒட்டிக்கொண்டு பேசினார்.

"எளிமையில என்னை மிஞ்ச இந்த முகாம்ல ஆள் கிடையாதுன்னு நான் சொல்லிக்கறது இல்ல. மத்தவங்கதான் சொல்றாங்க. அவங்க சொல்றதை மறுக்கற அகங்காரமும் எனக்கு இல்ல."

அதோடு பிடித்துக்கொண்டது. மறுநாளே அதிகாரிகள் எல்லாரும் வெறும் துணிக்கு மாறினார்கள். போர்ச் சின்னத்தோடு நடந்தவனைப் பார்த்து, தம்பட்டம் அடிக்கிறான் என்றார்கள். அது வரைக்கும் அதைக் காட்டி பாரில் ஓசி பியர் குடித்தவர்கள் கழற்றிக் காலுறைக்குள் ஒளித்துவைத்தார்கள். சமையல்காரன் க்ரிம்ஸ்லியிடம் போய், "எனக்கு இல்லாத சின்னத்தை நானும்தான் ஒட்டிக்கல. எனக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டான். குழு கூடியது. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று தீர்மானித்து, போகாதவர்களுக்கும் ஒன்று கொடுத்தார்கள். கொஞ்சம் சின்னத் துணி, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்ட்ரிக்லண்டுக்கு ஓரத்தில் வெள்ளிநூல் போட்டது. கழற்றினது அதிகமாம்.

ஃபோர்ட் டன்வுடியில் மொட்டைத் தோள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. டாக்கெட் புல்வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்காகத்தானேய்யா அதைக் கொண்டுவந்தாரு கர்னல்" என்றார் க்ரிம்ஸ்லி, நிஜமாகவே மனம் நொந்து. "இதுலயும் நீ ஒட்டிக்கலேன்னா எப்படி?"

"எனக்கு ஒட்டிக்காம இருந்தாப் போதும், சார்ஜென்ட் மேஜர்."

"அதுக்குத்தான் இது இருக்கே."

டாக்கெட் எண்ணெய்க் குப்பியை மூடினான். இந்த வாதத்தில் ஜெயிக்கக் கெண்டக்கியில் பள்ளிக்கூடம் போதாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

புறப்படுகிற வாரத்தில் வாஷிங்டனிலிருந்து ஆள் அனுப்பச் சொல்லி அழைப்பு வந்தது. வெறும் துணியைப் பற்றி மற்றப் படைகளுக்கெல்லாம் விளக்கிச் சொல்ல ஒரு வீரன் வேண்டுமாம். வெள்ளிநூல்காரனை அனுப்பினார்கள். ஸ்ட்ரிக்லண்ட் கண்ணாடியும் கத்தியுமாகப் போய்ச் சேர்ந்தான். குழுவுக்குத் தலைமை யார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

புறப்படுகிற அன்று விடிகிற நேரத்தில் டாக்கெட் மூட்டையைக் கட்டிக்கொண்டு விமானக் கொட்டகைக்குப் போய்விட்டான். பட்டியலில் பெயர் இல்லை. போகிறவர்கள் மூட்டைமேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். சிலருடைய பெற்றோர்கள் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நின்றிருந்தார்கள். பூட்ரோவின் அம்மா லூசியானாவிலிருந்து ராத்திரி முழுக்கக் கார் ஓட்டி வந்திருந்தாள். மகள் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டு, குடிக்காத காபியைப் பிடித்திருந்தாள்.

க்ரிம்ஸ்லி விமானத்தின் படிக்கட்டடியில் நின்று தோள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வெறும் துணிகள்.

"யார் இவங்களோட போறது?" என்றான் டாக்கெட்.

"ஸ்ட்ரிக்லண்ட்."

"அவன் வாஷிங்டன்ல இருக்கான்."

"காகிதத்துல இங்க இருக்கான். அது போதும், விமானம் கிளம்பும்."

"அங்க போய் ஒரு வண்டி மாட்டிக்கிட்டா? கயித்தைக் காகிதமா பிடிக்கும்?"

க்ரிம்ஸ்லி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நான் மட்டும் ராட்சசனா? உன்னை ஏத்தி அனுப்ப எனக்கும் ஆசைதான். பேரை மாத்தறது ஒரு நிமிஷ வேலை. ஆனா கர்னல் நூத்துக்கு நூறுன்னு எழுதிட்டாரு. மொட்டைத் தோளோட ஒருத்தன் இந்தப் படியில ஏறினா என் உத்தியோகம் போயிடும்." பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இதுல என்ன எழுதியிருக்கு? ஒண்ணும் இல்ல. எதுக்காகய்யா ஒண்ணும் இல்லாததோட சண்டை போடறே?"

டாக்கெட் துணியைப் பார்த்தான். நிஜமாகவே அதில் ஒன்றும் இல்லை. நல்ல தையல். அவனிடமிருந்து இத்தனை வருஷமாக யாரும் பிடுங்காத ஒன்று இருந்தது. அதை இப்போது கேட்கிறார்கள், விலையாக மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைக் காட்டுகிறார்கள். கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஒருத்தி கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

துணியை எடுத்தான். தோளில் இருந்த நாய்முடியைத் தட்டிவிட்டான். அழுத்தினான்.

"சொந்த விருப்பத்துலதானே?" என்றார் க்ரிம்ஸ்லி. "வாயால சொல்லணும். இல்லேன்னா செல்லாது."

டாக்கெட் அவரை வெகுநேரம் பார்த்தான். மூஞ்சியைத்தான் பார்த்தான்.

"ஆமா."

க்ரிம்ஸ்லி காகிதத்தில் ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினார். அந்தக் கணத்தில் ஃபோர்ட் டன்வுடி நூற்றுக்கு நூறு ஆயிற்று. கர்னலுக்கு அதற்காக ஒரு பேட்ஜ் வந்தது. அவர் அதை மாட்டவில்லை. மாட்டவில்லை என்று பத்திரிகையில் போட்டுக்கொண்டார்.

விமானத்துக்குள் இருபக்கமும் வலை இருக்கைகள். டாக்கெட் தன் குழுவுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தான். பிள்ளைகள் அவன் தோளைப் பார்த்தன, அப்புறம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கதவு மூடிற்று. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசவேண்டியிருந்தது.

"சார்ஜென்ட்," என்றாள் பூட்ரோ, "விருப்பப்பட்டுத்தான் ஒட்டினீங்களா?"

"ஆமா."

"நெசமா?"

"உங்களோட வர விருப்பப்பட்டேன். இது கூடவே வந்துடுச்சு. பெல்ட்டைப் போடு."